எனக்கு மட்டும் எழுதிய குறிப்பை அரங்கமே படித்தது

“இந்த அட்டவணையைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்று.” இது எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்பு. உரை நிகழ்த்தும்போது என் லேப்டாப்பில் மட்டும், என் கண்ணுக்கு மட்டும் தெரியவேண்டியது. அன்றைக்கு அரங்கில் இருந்த சுமார் 80 பேரும் அதைப் படித்தார்கள். அதுவும் என் முதுகுக்குப் பின்னால், ஆள் உயரத் திரையில். பிடிஎஃப் ஸ்லைடுகளோடு பேச்சாளர் குறிப்புகளை எப்படி வைத்துக்கொள்வது என்று யாராவது முன்பே பத்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு மூன்று இரவுகளும் கொஞ்சம் மானமும் மிச்சமாகியிருக்கும். யாரும் சொல்லவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் பிடிஎஃப்? என் உரையில் சூத்திரங்கள் நிறைய. சூத்திரங்களை அழகாக அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளில் எழுதிப் பழகியவன். அதில் ஸ்லைடு செய்ய பீமர் இருக்கிறது. டில் டான்டாவ் என்பவர் 2003-இல் தன் முனைவர் பட்ட உரைக்காக உருவாக்கியது அது. இன்றுவரை கணிதம், இயற்பியல் பக்கம் பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை பவர்பாயின்ட் கோப்பை வேறொரு கணினியில் திறந்தபோது என் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் வெறும் கட்டங்களாக நின்றன. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. பிடிஎஃப்பில் எழுத்துருவையும் உள்ளேயே பொதிந்துவிடலாம். எங்கே திறந்தாலும் அதே முகம். அன்றிலிருந்து பிடிஎஃப் கட்சிதான்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. பவர்பாயின்ட் கோப்பில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அடியில் குறிப்புக்கென்று தனி இடம் உண்டு. இரண்டு திரைகள் இருந்தால், குறிப்பு எந்தத் திரைக்குப் போகவேண்டும் என்று அந்த மென்பொருளே பார்த்துக்கொள்ளும். லிப்ரே ஆஃபீஸிலும் அப்படித்தான். பிடிஎஃப்புக்கு அதெல்லாம் தெரியாது. 1993-இல் அடோபி அதை வெளியிட்டபோது நோக்கம், எந்தக் கணினியிலும் தாள் தாள்போலவே தெரியவேண்டும் என்பதுதான். தாளுக்கு முன்பக்கம் இருக்கும், பின்பக்கம் இருக்கும். ‘பேசுபவருக்கு மட்டும் தெரியும் பக்கம்’ கிடையாது. பவர்பாயின்டிலிருந்து ஸ்லைடுகளை மட்டும் பிடிஎஃப்பாக மாற்றினால் குறிப்புகள் சத்தமில்லாமல் விடைபெற்றுக்கொள்கின்றன. குறிப்புப் பக்கங்களாக மாற்றினால் மேலே ஸ்லைடு, கீழே குறிப்பு என்று நெட்டுக்குத்தான ஒரு பக்கம் வரும். அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ள அருமை. திரையில் போட்டால் அவ்வளவுதான்.

என் முதல் இரவு இப்படிப் போனது: இரண்டு பிடிஎஃப்கள் செய்தேன். ஒன்றில் ஸ்லைடுகள், இன்னொன்றில் குறிப்புகள். ஸ்லைடு கோப்பு புரொஜெக்டர் திரையில், குறிப்புக் கோப்பு லேப்டாப் திரையில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிளிக்கரை அழுத்தினேன், குறிப்பு மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போனது, ஸ்லைடு நின்ற இடத்திலேயே நின்றது. கிளிக்கர் என்பது உண்மையில் ஒரு குட்டி விசைப்பலகை. பெரும்பாலானவை பேஜ் டவுன், பேஜ் அப் என்ற விசைகளைத்தான் அனுப்பும். அந்த விசை, கடைசியாக எந்தச் சாளரத்தைச் சொடுக்கினோமோ அதற்குத்தான் போய்ச்சேரும். இரண்டும் ஒன்றாக நகர ஏதாவது வழி இருக்கும் என்று விடிய விடியத் தேடினேன். இரண்டு தனித்தனி வாசிப்பான்களை இப்படிக் கட்டிப்போட முயலாதீர்கள். இரண்டு திரைகளையும் சேர்த்து மேய்க்கவென்றே செய்யப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன.

அப்படித்தான் இரண்டாம் நாள் பிடிஎஃப்பிசி கிடைத்தது. லினக்ஸ்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது. அதேபோல் பைம்ப்ரெஸ் என்று ஒன்று இருக்கிறது. பைத்தானில் எழுதியது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இரண்டுமே ஒரு திரையில் ஸ்லைடை மட்டும் காட்டும். மற்றொரு திரையில் இப்போதைய ஸ்லைடு, அடுத்து வரும் ஸ்லைடு, கடிகாரம், குறிப்பு எல்லாவற்றையும் காட்டும். பிடிஎஃப்புக்கே தெரியாத குறிப்பு இவற்றுக்கு எப்படித் தெரிகிறது என்றால், பீமரில் ஒரு தந்திரம் இருக்கிறது. ‘ஷோ நோட்ஸ் ஆன் செகண்ட் ஸ்க்ரீன்’ என்ற அமைப்பைப் போட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு மடங்கு அகலமாக்கிவிடும். பழைய 4:3 ஸ்லைடின் அகலம் 128 மில்லிமீட்டர், உயரம் 96. இதைப் போட்டதும் அகலம் 256 ஆகும். இடது பாதியில் ஸ்லைடு, வலது பாதியில் குறிப்பு. பிடிஎஃப்பிசியிடம் “குறிப்பு வலப்பக்கம் இருக்கிறது” என்று சொல்லித் திறந்தால், அது பக்கத்தை நடுவில் வெட்டி, ஸ்லைடுப் பாதியை அவையோருக்கும் குறிப்புப் பாதியை நமக்கும் தரும். சொல்லாமல் திறந்தால் வெட்டாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். என் கதையே அதில்தான் இருக்கிறது.

மூன்றாம் இரவை எழுத்துகள் தின்றன. லேடெக் மூலத்தைப் பிடிஎஃப்பாக மாற்ற ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் உண்டு. நான் ஸீலேடெக் பயன்படுத்தினேன். அகலப் பக்கத்துக்கு மாறியதும், இரண்டாவது ஸ்லைடிலிருந்து எழுத்தெல்லாம் மாயம். தலைப்பு இருக்கிறது, படம் இருக்கிறது, வரிகள் இல்லை. தேடிப் பார்த்தால் அவை அங்கேயேதான் இருக்கின்றன, வெள்ளைத் தாளில் வெள்ளை நிறத்தில்! சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் தெரிகிறது. இதே இடத்தில் எனக்கு முன்பே பலர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். லுவாலேடெக் என்ற இன்னொரு நிரலுக்கு மாறினேன், நிறம் சரியானது. ஆனால் தமிழ் குலைந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். எழுத்துரு அமைப்பில், எழுத்துகளைக் கோத்துத் தரும் ரெண்டரரை ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்று மாற்றியதும்தான் கொம்பு வீடு திரும்பியது. தமிழில் ஸ்லைடு செய்பவர்கள் இதை எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மணி அப்போது அதிகாலை 3.

மறுநாள் வீட்டில் இரண்டாவது மானிட்டரை இணைத்து ஒத்திகை பார்த்தேன். அற்புதமாக இருந்தது. 20 நிமிடம் என்று நேரத்தைக் கொடுத்தேன். முதல் ஸ்லைடை விட்டு நகர்ந்ததும் கடிகாரம் தானாக ஓடத் தொடங்கியது, கடைசி 5 நிமிடங்களில் நிறம் மாறி எச்சரித்தது. மூன்று முறை பேசிப் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் குறிப்புகளை இன்னும் மனம்விட்டு எழுதினேன். “சிரி. அவசரப்படாதே.” “இந்தப் படம் அசிங்கமாக இருக்கிறது, வேகமாகக் கடந்துவிடு.” அப்புறம் அந்த அட்டவணைக் குறிப்பு. அதிலிருந்த அளவீடுகள் நிரலின் பழைய பதிப்பில் எடுத்தவை. திரும்ப எடுக்க நேரமில்லை. யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அன்று அரங்குக்குப் போனதும் ஒரு தன்னார்வலர் வந்தார். “உங்க பென் டிரைவ் குடுங்க, எல்லாரோட ஃபைலும் எங்க கம்ப்யூட்டர்லதான் ஓடும். ஒவ்வொருத்தருக்கா லேப்டாப் மாத்திட்டு இருந்தா நேரம் பத்தாது.” நியாயமான பேச்சு. நானும் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். பென் டிரைவில் இருந்தது ஒரே கோப்பு, அந்த அகலக் கோப்பு. என் முறை வந்ததும் அவர் அதைச் சாதாரண பிடிஎஃப் வாசிப்பானில் திறந்து முழுத்திரை ஆக்கினார். நான் அவையைப் பார்த்து நின்றிருந்தேன். வணக்கம் சொன்னேன். சிரித்தேன். அரங்கமும் சிரித்தது. நல்ல அவை என்று நினைத்தேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் திரையைக் கைகாட்டியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் இடப்பக்கம் என் தலைப்பு, வலப்பக்கம் “சிரி. அவசரப்படாதே.” சொன்னபடியே செய்திருந்தேன்.

என் லேப்டாப்பை இணைத்துக்கொள்கிறேன் என்றேன். ஹெச்டிஎம்ஐ கம்பியைத் தேடி, கழற்றி, மாட்டி, பிடிஎஃப்பிசியைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசம். லேப்டாப் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே காட்சியை இரண்டு திரைகளிலும் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு திரைதான் இருக்கிறது என்று மென்பொருள் முடிவுகட்டி, பேச்சாளருக்கான திரையையே காட்டியது. கடிகாரம், அடுத்த ஸ்லைடு, பெரிய எழுத்தில் குறிப்பு, எல்லாம் அவைக்கு. வீட்டில் மானிட்டரை மாட்டியதும் தானாகவே திரை விரிந்ததால், இப்படி ஒரு அமைப்பு இருப்பதே என் நினைவில் இல்லை. பதற்றத்தில் பட்டியலுக்குள் பட்டியலாகத் தேடிக்கொண்டிருந்தேன். விரல் நடுங்கியது என்பது மிகையில்லை. 6 நிமிடங்கள் போனதும் அமர்வின் தலைவர் மெல்லிய குரலில், “பரவாயில்லை, பழைய கணினியிலேயே தொடருங்கள், எல்லோரும் நண்பர்கள்தான்” என்றார். 20 நிமிட உரையில் மிச்சம் 14 நிமிடம். அதையும் குறிப்புகள் அம்பலமாக நிற்கப் பேசினேன். அட்டவணை ஸ்லைடு வந்தபோது கிளிக்கரை இரண்டு முறை அழுத்தித் தாண்டிப் பார்த்தேன். வேகமாகத் தாண்டியதால்தான் எல்லோரும் அதைக் கவனித்தார்கள்போல. கேள்வி நேரத்தில் எழுந்த முதல் கை: “அந்தப் பேச்சை மாற்றவேண்டிய அட்டவணைக்குக் கொஞ்சம் போகலாமா?”

உண்மையைச் சொன்னேன். பழைய பதிப்பின் எண்கள், திரும்ப எடுக்கவில்லை என்று. அவர் சிரித்துக்கொண்டே, எடுத்ததும் அனுப்புங்கள் என்றார். அதோடு முடிந்தது. முடிந்தது என்று எழுதுகிறேன்; கழுத்திலிருந்து காதுவரை ஏறிய அந்தச் சூடு இரவு படுக்கும்வரை இறங்கவில்லை. சிலர் வந்து உரை நன்றாக இருந்தது என்றார்கள். எதைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அங்கேயே தப்பித்திருக்கக்கூடிய ஒரு வழி, திரும்பும் வழியில்தான் உறைத்தது. முழுத்திரையிலிருந்து வெளியே வந்து, இடது பாதி மட்டும் திரையை நிறைக்கும்வரை பெரிதாக்கியிருக்கலாம். பெரும்பாலான வாசிப்பான்களில் பக்கம் மாறினாலும் அந்த அளவு அப்படியே நிற்கும். அழகாக இருக்காது, மேலே கருவிப்பட்டை தெரியும். ஆனால் மானம் போகாது.

இதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட முதல் பழக்கம், ஒரே மூலத்திலிருந்து எப்போதும் இரண்டு பிடிஎஃப்கள் எடுப்பது. ஒன்று குறிப்பே இல்லாதது. மற்றொன்று அகலமானது. பீமரில் ஒரு வரியை மாற்றினால் போதும். அகலக் கோப்பின் பெயரிலேயே ‘எனக்கு மட்டும்’ என்று எழுதிவிடுகிறேன். பென் டிரைவில் குறிப்பில்லாத கோப்பு மட்டும்தான் போகும். அகலக் கோப்பு என் லேப்டாப்பை விட்டு வெளியே வராது. உரை முடிந்ததும் ஸ்லைடுகளைப் பகிரக் கேட்பார்கள், அங்கேயும் அவசரத்தில் தவறான கோப்பை அனுப்ப வாய்ப்பு உண்டு. குறிப்பு எழுதும் விதத்தையும் மாற்றினேன். திரையில் தெரிந்தாலும் கூசாத குறிப்பை மட்டும் எழுதுகிறேன். “பழைய பதிப்பின் எண்கள், கேட்டால் சொல்” என்று எழுதுவதற்கு “பேச்சை மாற்று” என்பதைவிட மூன்று சொல்தான் அதிகம்.

அடுத்தது திரை. அரங்கில் கம்பியை மாட்டியதும் முதலில் பார்க்கவேண்டியது ஸ்லைடு இல்லை, திரை விரிந்திருக்கிறதா பிம்பமாக இருக்கிறதா என்பதுதான். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். நமக்கு வேண்டியது ‘எக்ஸ்டெண்ட்’. மேக்கில் கமாண்ட் விசையோடு எஃப்1 அழுத்தினால் பிம்ப நிலை மாறும். லினக்ஸில் டிஸ்ப்ளே அமைப்புகளுக்குப் போகவேண்டும், அந்த இடத்தை வீட்டிலேயே கண்டுவைத்துக்கொள்ளுங்கள். விரிந்ததா என்று பார்க்க எளிய சோதனை: சுட்டியைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். உங்கள் திரையை விட்டு மறைந்து புரொஜெக்டரில் முளைத்தால் சரி. இரண்டிலும் தெரிந்தால் பிம்பம். திரைகள் இடம் மாறி, குறிப்பு புரொஜெக்டரிலும் ஸ்லைடு உங்கள் மடியிலும் வருவதும் உண்டு. அதற்கு மென்பொருளிலேயே திரைகளை இடமாற்றும் வசதி இருக்கிறது. இதையெல்லாம் இடைவேளையில், அரங்கு காலியாக இருக்கும்போது செய்யுங்கள். உங்கள் முறை வந்தபின் செய்யும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் உரையிலிருந்துதான் கழியும்.

சரி, இத்தனை பட்டபின் இரண்டாவது உரையாவது ஒழுங்காகப் போனதா என்றால், இல்லை. சூடுபட்ட பூனை எதிர்ப்பக்கம் ஓடியது. அகலக் கோப்பே வேண்டாம் என்று, குறிப்புகளைப் பிடிஎஃப்பிசிக்குள்ளேயே தட்டச்சு செய்தேன். அந்த வசதி உண்டு. அப்படி எழுதுவதை அது பிடிஎஃப்புக்குள் வைப்பதில்லை. அதே பெயரில், அதே கோப்புறையில், பக்கத்தில் ஒரு சிறு கோப்பாகச் சேமிக்கிறது. பாதுகாப்பானதுதான். ஆனால் குறிப்பு எந்த ஸ்லைடுக்கு உரியது என்பது ஸ்லைடின் எண்ணை வைத்துத்தான் தெரியும். உரைக்கு முந்தைய நாள் நடுவில் ஒரு ஸ்லைடைச் சேர்த்தேன். அதற்கப்புறம் வந்த எல்லாக் குறிப்பும் ஒரு ஸ்லைடு முன்னால் நின்றது. மேடையில்தான் தெரிந்தது: திரையில் முடிவுகள், என் குறிப்பில் அதற்கு அடுத்த ஸ்லைடின் நன்றியுரை. நல்லவேளை, இந்த முறை அவைக்குத் தெரியவில்லை, நான் மட்டும்தான் திக்கினேன். கோப்பின் பெயரை மாற்றினாலோ, பிடிஎஃப்பை மட்டும் வேறு இடத்துக்கு நகலெடுத்தாலோ இந்தக் குறிப்புகள் கூட வராது. இப்போது ஸ்லைடுகளில் இனி கைவைக்கமாட்டேன் என்று உறுதியானபின்தான் அந்த வசதியைத் தொடுகிறேன். மற்றபடி, லேடெக் மூலத்திலேயே ஸ்லைடுக்குக் கீழே குறிப்பை எழுதுவதுதான் நல்லது. ஸ்லைடு நகர்ந்தால் குறிப்பும் கூடவே நகரும்.

இணையவழி உரை தனிக் கூத்து. அங்கே இரண்டாவது திரையே இருக்காது. முழுத் திரையையும் பகிர்ந்தால் எல்லாமே போய்விடும், நடுவில் வரும் செய்தி அறிவிப்புகள் உட்பட. சாளரமாகத் திறக்கும் வசதியைப் பயன்படுத்தி, ஸ்லைடு மட்டும் உள்ள சாளரத்தை மட்டும் பகிருங்கள். பேச்சாளர் சாளரம் பக்கத்தில் உங்களுக்காக இருக்கட்டும். தொடங்கும் முன் ஒரு நண்பரை உள்ளே வரச்சொல்லி, அவருக்கு என்ன தெரிகிறது என்று கேளுங்கள். நம் பக்கத்திலிருந்து பார்த்து அதைச் சொல்லவே முடியாது.

இத்தனை மென்பொருளையும் பழகியபின் நான் அதிகம் நம்புவது தாளைத்தான். குறிப்புப் பக்கங்களை ஒருபக்கமாக அச்சிட்டு, ஸ்லைடு எண்ணைப் பெரிதாக எழுதி, பிணைக்காமல் வைத்துக்கொள்கிறேன். போன மாத உரையில் மறுபடியும் “எங்க கம்ப்யூட்டர்லதான் ஓடும்” என்றார்கள். குறிப்பில்லாத பிடிஎஃப்பைக் கொடுத்துவிட்டு, தாள்களோடு நிம்மதியாக மேடை ஏறினேன். ஸ்லைடு தெளிவாகத் தெரியட்டும் என்று யாரோ மேடை விளக்கை அணைத்துவிட்டார்கள். 11 புள்ளி அளவு எழுத்து, ஒரு வரி தெரியவில்லை. இப்போது 18-இல் அச்சிடுகிறேன்.